செய்யுளும் உரையும் ஓவியமும்: ஓர் இலத்தீன் வாட்போர்ச் சுவடி

இங்கிலாந்தின் லீட்சு நகரிலுள்ள அரச படைக்கலக் காட்சியகத்தில் தோல் ஏடுகளாலாகிய சுவடி ஒன்று உளது. ‘ஐ.33’ என்னும் பழைய எண்ணாலேயே அறிஞர் அதனை வழங்குவர். ஏடுகள் 32, பக்கங்கள் 64. செருமனியின் பிராங்கோனியப் பகுதியில், 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பெற்றது என்பர். ஒரு கையில் வாளும் மறு கையில் சிறு கேடகமும் ஏந்திப் பொருதற்குரிய முறைகளை அது இலத்தீன் மொழியில் கற்பிக்கின்றது. இதுகாறும் கிடைத்துள்ள ஐரோப்பிய வாட்போர் நூல்களுள் இதுவே மிகப் பழையது. இச்சுவடியைப் படநூல் என்றும், அதிலுள்ள எழுத்து படங்களுக்கு இட்ட விளக்கக் குறிப்பு என்றும் கொள்ளும் வழக்கம் உண்டு. அக்கொள்கை பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவடியின் வரலாற்றை முதற்கண் சுருங்கக் கூறுதல் வேண்டும். 1579இல் விட்டன்பர்க்கில் அச்சான தம் இலத்தீன் வாட்போர் நூலில் ஐன்ரிக் பான் குண்டர்ராட் என்பார் இதனைக் குறிப்பிடுகின்றார். பிராண்டன்பர்க்–குல்ம்பாக் கோமகன் ஆல்பிரக்ட் 1552ஐ ஒட்டிப் பிராங்கோனியாவில் நிகழ்த்திய படையெடுப்பின்போது, வூர்ட்சுபர்க்கைச் சேர்ந்த யோகானசு எர்பார்ட் என்னும் வீரன் துறவி மடம் ஒன்றிலிருந்து அதனைக் கைப்பற்றினான் என்பது அவர் தரும் செய்தி. பின்னர் அது கோத்தா நகரின் கோமகன் நூலகத்தில் நெடுங்காலம் இருந்தது; இரண்டாம் உலகப் போரில் காணாமற்போயிற்று; 1950இல் இலண்டன் ஏலம் ஒன்றில் வெளிப்பட்டு, அப்பொழுது இலண்டன் கோட்டையிலிருந்த படைக்கலக் காட்சியகத்தின் உடைமையாயிற்று. அக்காட்சியகம் 1996இல் லீட்சு நகரில் புதிய இல்லம் பெற்றபோது சுவடியும் ஆங்குச் சென்றது. கொள்ளையிட்டவன் கையிலகப்பட்டதனால் பிழைத்து, காக்கப்பட்ட நூலகத்திலிருந்து காணாமற்போன சுவடி இது. இத்தனை இடம் பெயர்ந்ததில் சில ஏடுகள் இழக்கப்பட்டிருத்தல் கூடும். எனவே, ஏடுகளின் இன்றைய வரிசையை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு எதனையும் முடிவு செய்தல் தகாது.

பக்கங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒரு தன்மையது. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஓவியங்கள், அவற்றோடு எழுத்து. ஓவியந்தோறும் இருவர் எதிரெதிர் நிற்கின்றனர். ஒருவர் உச்சி மழித்த குரு, மற்றவன் மாணாக்கன். இருவரும் கவசமின்றி நீண்ட அங்கியுடனேயே பொருகின்றனர். ‘சாசெர்தோசு’ என்னும் இலத்தீன் சொல் சமயச் சடங்கு ஆற்றுவோரை மட்டுமே குறிக்கும், ஆசிரியரைக் குறியாது. தமிழில் ‘குரு’ என்னும் சொல் இவ்விரு பொருளையும் தருவது. இச்சுவடியில் வரும் குரு இரு பொருளிலும் குருவே ஆதலின், மூலத்தினும் நம் சொல் அவர்க்கு நன்கு பொருந்துகின்றது எனலாம்.

எழுத்துப் பகுதியை ஊன்றி நோக்குவார்க்கு அஃது இரு திறத்தது என்பது புலனாகும். ஒன்று செய்யுள், மற்றொன்று உரைநடை. செய்யுள், அறுசீர் கொண்ட இலத்தீன் அடிகளால் இயன்றது. ஓரடியாகவோ ஈரடி மூவடியாகவோ நின்று பொருள் முடிவது. உரைநடையோ அச்செய்யுளை விரிப்பது. பல இடங்களில் ‘செய்யுள்’ எனப் பெயர் சுட்டியே அதனை எடுத்தாள்வது. நூற்பாவும் அதன்மேற் சென்ற உரையும் பயின்ற நமக்கு இவ்வமைப்பு புதிதன்று. ஆயினும் ஓவியத்தின் கவர்ச்சியில் ஈடுபட்டு, இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதிப் படிப்போர் பலர்.

இவ்விரு பகுதிகளும் ஓவியத்தோடு கொண்டுள்ள தொடர்பு வேறு வேறானது. உரைநடைக் குறிப்புகளில் மிகப் பல ‘ஈண்டு’ எனப் பொருள்படும் சொல்லோடு தொடங்குகின்றன. ஈண்டு மாணாக்கன் பிணிக்கின்றான், ஈண்டுக் குரு வெட்டுகின்றார் என்னும் போக்கில் அவை செல்லும். அச்சுட்டுச் சொல்லுக்குப் பொருள் ஓவியத்திலேயே உளது. ஓவியத்தை நீக்கின் ‘ஈண்டு’ என்பது எங்கு என்பது விளங்காது. செய்யுளோ அத்தகைய சுட்டினை அவாவி நிற்பதன்று. இன்ன நிலையை எதிரி மேற்கொள்ளின் இன்னது செய்க என நிபந்தனையும் விதியுமாக அது தன்னளவில் முற்றுப்பெறுகின்றது. அன்றியும், ஒரே நிலை மீண்டும் வருமிடங்களில் உரைநடை வேறுபட, செய்யுள் மாறாது திரும்ப வருகின்றது. மனப்பாடம் செய்தற்கென அமைந்தது செய்யுள் என்பதும், உரைக்குத் துணையாயது ஓவியம் என்பதும் இதனாற் பெறப்படும். ஆகவே, படத்திற்கு எழுத்து விளக்கமன்று. செய்யுளுக்கு உரை விளக்கம், உரைக்குப் படம் விளக்கம் என்பதே பொருத்தமாகும்.

இனி நூலின் தொடக்கத்தை நோக்குவோம். வாட்போர் இன்னது என வரையறை கூறியே ஆசிரியர் தொடங்குகின்றார். பல்வேறு வெட்டுகளின் ஒழுங்கே அக்கலை என்பதும், அஃது ஏழு கூறுபடும் என்பதும் அவர் கூற்றின் கருத்து. முதலில் இலக்கணம், அடுத்து வகை. அக்காலத்துக் கல்விக்கூடங்களில் தருக்கமும் மெய்யியலும் கற்பித்தோர் கையாண்ட முறை இதுவே. அம்முறையை வாளுக்கும் பொருத்தியுள்ளார் இவ்வாசிரியர். ஏழு கூறுகளும் ஏழு காவல் நிலைகள்: கைக்கீழ், வலத்தோள், இடத்தோள், தலை, வலப்பக்கம், மார்பு, இறுதியாக ‘லாங்கோர்ட்’ எனப்படும் நீள்முனை. வாள் எவ்விடத்தில் நிறுத்தப்பெறுகின்றதோ அவ்விடமே பெரும்பாலும் நிலைக்குப் பெயராகின்றது.

இவ்விடத்தில் ஆசிரியர் கூறும் செய்தி ஒன்று மிகக் கருதத்தக்கது. வாளைக் கையிலேந்திய எவரும், அக்கலையை அறியாதாரும்கூட, இவ்வேழு நிலைகளையே கையாளுகின்றனர் என்கின்றார் அவர். இதனை ஊன்றி நோக்காதார் ஏழு நிலைகளையும் குருவின் கண்டுபிடிப்பு எனக் கருதிவிடுவர். ஆசிரியர் கருத்து அதற்கு நேர்மாறானது. மனித உடம்பின் அமைப்பால் இயல்பாகவே தோன்றுவன அந்நிலைகள். அவை உலக வழக்கு. கலை தொடங்குவது அவற்றுக்கு எதிராக எதனைச் செய்வது என்னும் வினாவில்தான். ஆதலின் நூலின் உயிர் ஏழு என்னும் எண்ணில் இல்லை. நூலின் பிற்பகுதியில் குருவுக்கே உரிய சிறப்பு நிலைகள் சில அவ்வெண்ணுக்குப் புறம்பாகவே வருகின்றன. அதனை ஒரு குறையாக ஆசிரியர் கருதியதாகவும் தெரியவில்லை. ஏழனைத் தொகுத்துக் கூறியது உலகினர் செய்வதை வரம்புகட்டிக் காட்டுதற்கே என்க.

காவல் நிலைக்கு எதிராக மேற்கொள்ளும் நிலைக்கு ஆசிரியர் வழங்கும் சொல் ‘ஒப்செசியோ’ என்பது. முற்றுகை என்பதே அதன் நேர்ப்பொருள். ஒருவன் காவலில் நிற்க, மற்றவன் அவனை முற்றுகின்றான். மதில் காத்தலையும் மதில் வளைத்தலையும் நொச்சி எனவும் உழிஞை எனவும் பிரித்தறிந்த நமக்கு இவ்வுருவகத்தின் திட்பம் எளிதில் விளங்கும். முற்றுவோன் உடனே வெட்டுவதில்லை. காவலில் நிற்பவன் செய்யக்கூடியவற்றைக் குறுக்கி, ஒன்றிரண்டு வழிகளே எஞ்சுமாறு செய்கின்றான். எனவே இந்நூல் வெட்டும் முறையைக் காட்டிலும் எதிரியின் தெரிவைச் சுருக்கும் முறையையே பெரிதும் கற்பிக்கின்றது எனல் தவறாகாது.

முதல் நிலையாகிய கைக்கீழ் நிலையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வலக்கை வாளை இடக்கையின்கீழ்ச் செருகி வைத்தாற்போல நிற்பது அது. அதற்கு எதிர்நிலை இரண்டே எனச் செய்யுள் விதிக்கின்றது: ஒன்று ‘கால்ப்சில்ட்’ எனப்படும் அரைக்கேடகம், மற்றொன்று நீள்முனை. பின்னர் உரை வருகின்றது. கைக்கீழ் நிலையில் நிற்பவன் வெட்டு எதனையும் தொடங்கற்க என அறிவுறுத்துகின்றார் ஆசிரியர். அதற்குக் காரணமும் காட்டுகின்றார். எதிரியின் மேலுடம்பை அவன் வாள் எட்டாது. கீழுடம்பை வெட்டப் புகின் தன் தலைக்கே கேடு சூழ்வான். ‘அல்பெர்சுலைபன்’ என்னும் ஒரு பெயரையும் அவர் சான்றாகச் சுட்டுகின்றார். அஃது ஆளின் பெயரா ஊரின் பெயரா என்பதில் அறிஞர் இன்னும் ஒருமுகப்படவில்லை. விதி கூறி, மாற்றுக் கருத்துக்கு இடமாகும் செயலை எடுத்து, ஏது காட்டி விலக்கி, சான்றோர் வழக்கொடு பொருத்துதல் என்னும் இம்முறை படக்குறிப்பு எழுதுவோன் முறையன்று, உரையாசிரியன் முறை.

விலக்கப்படுவோர் யாவர் என்பதையும் நூல் மறைக்கவில்லை. ‘பொது வாள்வீரர்’ என்று ஒரு சாராரை ஆசிரியர் அடிக்கடி குறிப்பிடுகின்றார். இன்ன நிலையில் பொது வீரர் இன்னது செய்வர்; குருவும் அவரைச் சார்ந்த இளையோரும் அது செய்யார், இதுவே செய்வர் என வேறுபாடு காட்டிச் செல்கின்றார். பிறர் கொள்கையை எடுத்துக்கொண்டு பின் களைதலை எழுவகை மதத்துள் ஒன்றாக நன்னூலார் வைத்தார். அம்மதமே இச்சுவடியின் நடுநரம்பு. அதனை நீக்கிவிடின் எஞ்சுவது வெறும் நிலைகளின் பட்டியலேயாம்.

ஈண்டு ஒரு வினா எழும். செய்யுள் பழமையதாய், பொதுவாக வழங்கியதாய் இருக்க, பிற்காலத்தான் ஒருவன் உரையை மட்டும் எழுதிச் சேர்த்தான் எனல் கூடாதோ? அங்ஙனமாயின் பிறர் மதம் களைதல் உரைகாரன் கருத்தே ஆகும். செய்யுளுக்கு அஃது உரியதாகாது. இவ்வையத்தைப் போக்கும் சான்று செய்யுளிலேயே உளது. அரைக்கேடகத்தை எதிரி கொள்ளும்போது வாளுக்கும் கேடகத்துக்கும் கீழே தாழ்க என்று விதிக்கும் செய்யுள், எதிரி பொது வீரனாயின் தலையைக் குறிவைப்பான், அப்போது குத்தடியைக் கையாள்க எனத் தொடர்கின்றது. ‘பொது’ என்னும் அச்சொல் யாப்பினுள்ளேயே கட்டுண்டு நிற்றலின், உரைகாரன் இடைச்செருகியது எனத் தள்ளுதற்கில்லை. ஆகவே செய்யுளும் இப்பள்ளியிலேயே, இப்பள்ளியின் மாறுபாட்டை உணர்த்தவே, யாக்கப்பட்டது என்பது தேற்றம். இரண்டையும் செய்தவர் ஒருவரே என்று கூற இச்சான்று போதாது. ஒரே மரபினர் என்று கூறப் போதும். சுவடியில் ‘லுதெகெருசு’ என்னும் பெயர் காணப்படுகின்றது. அதுவே குருவின் பெயர் என்பாருளர். உரையோ குருவைப் படர்க்கையில் வைத்துப் பேசிச் சில இடங்களில் ‘யான்’ எனத் தன்மையிலும் பேசுகின்றது. குரு சொல்லக் கேட்டு எழுதிய மாணாக்கர் ஒருவரின் குரலும் அதனுள் கலந்திருக்கலாம் என்றே எனக்குப் படுகின்றது.

மற்றுமொரு செய்யுள் இத்தன்மை குரலை இன்னும் வியப்புறக் காட்டுகின்றது. இருவர் வாளும் ஒன்றையொன்று தொட்டு, ஒருவன் மற்றவன் வாளை அழுத்தி நிறுத்துதலைப் ‘பிணித்தல்’ என்பர். பிணித்தோனும் பிணிப்புண்டோனும் தம்முள் மாறுபட்டவர், சினங்கொண்டவர் என்றும், பிணிப்புண்டவன் பக்கமாக விலகி ஓட யான் தொடர முயல்வேன் என்றும் அவ்வீரடிச் செய்யுள் கூறும். நூலில் மீண்டும் மீண்டும் வருவது இது. உணர்ச்சியைச் சுட்டும் சொற்கள் அரிதாகவே வரும் இந்நூலில் சினம் என்னும் சொல் தோன்றுவது நோக்கத்தக்கது. அதனினும், முதலில் இருவரைப் படர்க்கையிற் கூறிய செய்யுள் இறுதியில் ‘யான்’ எனத் தன்மைக்கு மாறுகின்றது. அந்த ‘யான்’ குருவும் ஆகலாம். செய்யுளை ஓதிக்கொண்டே வாள் பயிலும் மாணாக்கனும் ஆகலாம். ஓதுவோன் எவனோ அவனே பிணித்தோனாகிவிடுகின்றான்.

யாப்பின் சிறப்பைப் போற்றுதற்கு இடமில்லை. அடிகள் பல இடங்களில் தளர்ந்தும், அளவு பிறழ்ந்தும் செல்கின்றன. இலத்தீன் யாப்பினுள் செருமானியச் சொற்களைப் புகுத்தியது அதற்கு ஒரு காரணம். அதனைக் குறை என்று மட்டும் கூறி நின்றுவிடுதல் கூடாது. எந்தச் சொற்கள் இலத்தீனில் உள, எவை செருமானியத்தில் உள என்று பகுத்து நோக்குதல் வேண்டும். காவல், முற்றுகை, எதிர்நிலை, பிணிப்பு, மறுபிணிப்பு ஆகிய கருத்துப் பெயர்கள் இலத்தீனில் உள்ளன. அரைக்கேடகம், நீள்முனை, குத்தடி, கேடக அடி, ஊடுநடை போன்ற தனித்தனிச் செயல்களின் பெயர்கள் செருமானியத்தில் உள்ளன. முனை தாழ வாளைப் பிடிக்கும் ஒரு நிலைக்கு ‘க்ருக்கெ’, அதாவது ஊன்றுகோல் என்று பெயர். வாளை இடக்கையின்மீது கிடத்தி நிற்கும் நிலைக்குப் ‘பிடில்போகெ’, அதாவது பிடில் வில் என்று பெயர். கண்ட பொருளோடு ஒப்பிட்டு மக்கள் இட்ட பெயர்கள் இவை. ஏட்டுக் கல்வியிற் பிறந்தன அல்ல. வாளை மாற்றுதல் என்னும் செயல் மட்டும் இலத்தீன் பெயர் பெற்றிருத்தல் போன்ற விலக்குகள் உண்டு. எனினும் பொதுப் போக்கு ஐயத்திற்கிடமற்றது. செருமானியம் குருவின் வீட்டு மொழியும் ஆதலின், இச்சொற்கள் அனைத்தும் பொது வீரரிடமிருந்தே வந்தன எனத் துணிதல் மிகையாகும். ஆயினும் வகுத்தும் தொகுத்தும் காணும் அறிவு பள்ளியினின்றும், செயல்களின் பெயர்கள் பயிற்சிக் களத்தினின்றும் வந்து ஓரடிக்குள் சேர்ந்திருத்தல் தெளிவு. பொது வீரரை இகழும் நூல் அவரும் அறியக்கூடிய சொற்களாலேயே இயங்குகின்றது.

பிற்காலத்துச் செருமானிய வாட்போர் நூல்களோடு ஒப்பிட்டால் இதன் இயல்பு மேலும் விளங்கும். யோகானசு லீக்டனவர் என்னும் ஆசான் பெயரால் வழங்கும் மரபிலும் செய்யுளும் அதன்மேல் உரையும் உண்டு. ஆயினும் ஆங்கு இரண்டும் செருமானியம். வாளோ இருகைகளாலும் ஏந்தும் நெடுவாள். அம்மரபின் செய்யுள் புறத்தார் அறியாதவாறு மறைபொருளாக யாக்கப்பட்டது என அதன் உரைகாரரே கூறுவர். நம் சுவடியின் செய்யுளில் அத்தகைய மறைப்பு இல்லை. அது சுருங்கியதேயன்றி இருண்டதன்று. மறைத்தற்குப் பதில் வாதிடுவது இதன் இயல்பு. செய்யுளும் உரையும் என்னும் வடிவ ஒற்றுமையை மட்டும் கண்டு இவ்விரண்டையும் ஒரே மரபின் முன்னும் பின்னும் எனக் கொள்வது பொருந்தாது.

சமயக் குரு வாள் பயிற்றுவதாவது என்னை எனச் சிலர் ஐயுறுவர். 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பேரவை, குருதி சிந்தும் தீர்ப்புகளிலும் செயல்களிலும் குருமார் ஈடுபடுதலை விலக்கியது உண்மையே. அதனைக் கொண்டு, நூல் முழுவதும் ஆன்மாவின் போரைக் குறிக்கும் உருவகமே எனக் கூறத் துணிதலும் உண்டு. அத்துணிபுக்கு நூலில் அகச்சான்று இல்லை. உருவகமாயின் உட்பொருளைச் சுட்டும் சொல் ஓரிடத்தேனும் வேண்டும். நூலாசிரியரோ தோளையும் தலையையும் கேடகத்தையும் விட்டு வேறெதனையும் பேசவில்லை. வாள் எட்டாது என்று அவர் காட்டும் ஏது உடம்பின் அளவைப் பற்றியதேயன்றி உயிரின் நிலையைப் பற்றியதன்று. ஓவியங்களில் குருதியோ புண்ணோ காட்டப்படாமையும் கருதற்பாலது. கொலைக்கன்றிப் பயிற்சிக்கே உரிய நூல் என்பதற்கு அது துணைச்சான்றாகும். இலத்தீனும் வரையறை முறையும் அறிந்த மாணாக்கர் குழுவுக்கு அவர்தம் ஆசிரியர் கற்பித்த கலை என்றளவில் அமைதல் நன்று.

நூலில் குறை இல்லாமலில்லை. பெருங்குறை கால்களைப் பற்றியது. அடியெடுத்து வைக்கும் முறையைப் பற்றி ஆசிரியர் மிகச் சில சொற்களே கூறுகின்றார். ஓவியமும் இதற்கு உதவுவதாயில்லை. ஒரு நொடியில் நின்ற நிலையையும் மற்றொரு நொடியில் நின்ற நிலையையும் அது காட்டும். இடையில் நிகழ்ந்த இயக்கத்தைக் காட்டாது. அவ்விடைவெளியை ஒருபோது உரை நிரப்புகின்றது. ஒருபோது நிரப்பாது விடுகின்றது. ஆசான் முன்னின்று ஆடிக் காட்டுவான் என்னும் துணிவால் விடப்பட்டது போலும். செப்ரி போர்செங் 2003இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இச்சுவடியைப் பதிப்பித்தார். பிராங்க் சினாட்டோ, ஆந்திரே சுர்ப்ரெனான் இருவரும் 2009இல் பிரெஞ்சு மொழியில் ஆராய்ச்சிப் பதிப்பு வெளியிட்டனர். அவற்றின் துணையால் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாளேந்தி இந்நூலைப் பயில்வோர் பலராயினர். அவர் முயற்சி பாராட்டுக்குரியது. எனினும் அவருட் சிலர் ஓவியத்தில் உடல் முன்சாய்ந்திருக்கும் அளவை அப்படியே விதியாகக் கொள்வர். ஓவியன் பக்கத்தின் அகலத்துக்கேற்ப உருவங்களை நெருக்கி அமைத்திருக்கலாம் என்பதை அவர் எண்ணுவதில்லை. செய்யுளும் ஓவியமும் முரணுமிடத்துச் செய்யுளையே வலியுடையதாகக் கொள்ளவேண்டும் என்பது மேலே நிறுவிய முறையால் தானே போதரும்.

இறுதி ஏட்டைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. அதில் மாணாக்கன் நின்ற இடத்தில் ஒரு பெண் நிற்கின்றாள், பெயர் வால்பூர்கிசு. இப்பெயர் பிராங்கோனியாவில் அயிக்சுடெட் நகரில் வழிபடப்பட்ட தூய வால்பூர்காவை நினைவூட்டுதலால், அவள் அத்தூயவளே என்றும், மாந்தரல்லாத உருவகமே என்றும் கூறினர். அவளுடைய ஏட்டிலுள்ள எழுத்தைப் படித்தால் இக்கூற்றுகளுக்கு இடமே இல்லை. மற்ற ஏடுகளில் மாணாக்கனுக்குக் கூறியது போலவே இங்கும் நிலை, எதிர்நிலை, பிணிப்பு என்ற வரிசையே பேசப்படுகின்றது. அவள் பெண் என்பதற்காக ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஒரு விதியும் குறைக்கவில்லை. குருவின் சிறப்பு நிலைக்கு எதிராக அவள் தோளின்மேல் வாளை வைத்துத் தற்காத்து நிற்கின்றாள். ஓவியத்தை மட்டும் கண்டோர்க்கு அவள் புதிர். உரையைப் படித்தோர்க்கு அவளும் அப்பள்ளியில் பயின்ற ஒருத்தி.